காரணம் போல் ஒரு காரணம்

வங்கித் தேர்வு எழுதும் இளைஞர்கள் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும் ஒரு தர்க்கப் பிழை, தெருவில் உயிர்களைப் பறிக்கிறது. கோர்ட்டில் தூக்குமேடை வரை கொண்டுபோகிறது. அந்தப் பிழைக்கு மருந்தும் இந்தியாவிலேயே பல நூற்றாண்டுகளாக இருக்கிறது.

2018 ஜூலை 1. மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் ரெயின்பாடா கிராமத்தில் வாரச் சந்தை நாள். பிச்சை எடுத்துப் பிழைக்கும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அங்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒரு சிறுமியிடம் பேச முயன்றதைச் சிலர் கவனித்தார்கள். 'பிள்ளை பிடிக்கும் கும்பல் நடமாடுகிறது' என்ற வாட்ஸ்அப் செய்தி அந்தப் பகுதியில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. அது போதுமானதாக இருந்தது. ஐந்து பேரையும் ஊராட்சி அலுவலகத்தில் அடைத்து, கூட்டம் அடித்தே கொன்றது.

அதற்கு எட்டு வாரங்களுக்குமுன் தமிழ்நாட்டில், போளூருக்கு அருகே இதே கதை நடந்தது. குலதெய்வக் கோயிலுக்குப் போக வழி தேடி வந்த குடும்பத்தில் ஒரு மூதாட்டி வழியில் குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். ஊரார் தாக்கியதில் அவர் இறந்துபோனார்.

வதந்தி, பயம், கும்பலில் ஒருவனாக இருக்கும் துணிச்சல் என்று இந்தக் கொலைகளுக்குப் பல காரணங்கள் சொல்லலாம். ஆனால் கையை ஓங்கும் முன் அந்த மனங்களில் ஒரு வாதம் ஓடியிருக்கிறது. அதை வரிவரியாக எழுதினால் இப்படி இருக்கும்: பிள்ளை பிடிப்பவர்கள் வெளியூர்க்காரர்கள், குழந்தைகளிடம் பேச்சுக் கொடுப்பார்கள். இவர்கள் வெளியூர்க்காரர்கள், குழந்தையிடம் பேச்சுக் கொடுத்தார்கள். ஆகவே இவர்கள் பிள்ளை பிடிப்பவர்கள்.

கேட்பதற்குச் சரியாக இருக்கிறது. ஆனால் அதே அச்சில் வேறு சொற்களை வார்த்துப் பாருங்கள். பசுக்களுக்கு நாலு கால். ஆட்டுக்கும் நாலு கால். ஆகவே ஆடு ஒரு பசு. இதை எந்தக் கிராமத்திலும் ஒரு சிறுவன்கூட ஒப்புக்கொள்ள மாட்டான். இரண்டு வாதங்களுக்கும் எலும்புக்கூடு ஒன்றேதான். ஒன்றில் மடமை உடனே தெரிகிறது. மற்றொன்றில் பயம் அதை மறைத்துவிடுகிறது.

ரெயின்பாடா சம்பவத்துக்குப்பின் மத்திய அரசு வாட்ஸ்அப் நிறுவனத்தைக் கண்டித்தது. ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குமேல் அனுப்ப முடியாதபடி நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கும்பல் கொலைகளைத் தடுக்க 2018 ஜூலை 17-ல் சுப்ரீம் கோர்ட் மாநிலங்களுக்கு விரிவான உத்தரவுகள் போட்டது. செய்தியின் வேகத்துக்குத் தடை போடலாம், குற்றவாளிகளைத் தண்டிக்கலாம். வாதத்தின் ஓட்டையைப் பார்க்கும் கண்ணை மட்டும் உத்தரவு போட்டுத் தர முடியாது.

தேர்வு அறையில் தர்க்கம்

வேடிக்கை என்னவென்றால், இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெறும் இளைஞர்கள் இந்தியாவில் இருப்பதுபோல் வேறெங்கும் இருப்பார்களா என்பது சந்தேகமே. பாட்னா, ஜெய்ப்பூர், சென்னை, டெல்லி முகர்ஜி நகர் என்று கோச்சிங் சென்டர்கள் நிரம்பிய எந்தத் தெருவிலும் கரும்பலகைகளில் ஒன்றோடொன்று பின்னிய வட்டங்களைக் காணலாம். ஐ.பி.பி.எஸ். நடத்தும் வங்கித் தேர்வுகளில் 'சிலாஜிசம்' எனப்படும் மூன்று வரி வாதக் கேள்விகள் தவறாமல் வருகின்றன. சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வில் 2011-ல் புகுத்தப்பட்ட சி-சாட் தாளிலும் தர்க்கத்துக்கு இடமுண்டு. அந்தத் தாள் பெரும் சர்ச்சைக்குள்ளாகி 2015-லிருந்து 33 சதவீதம் எடுத்துத் தேறினால் போதும் என்று ஆனாலும், கேள்விகள் போகவில்லை.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வு இன்னும் ஒரு படி மேலே போனது. 2019-ல் திருத்தப்பட்ட பாடத்திட்டத்தில், எல்லாப் பாடத்தினரும் எழுத வேண்டிய முதல் தாளில் அரிஸ்டாட்டிலின் தர்க்கத்தோடு இந்திய தர்க்கமும் சேர்ந்தது. வணிகவியல் படித்தவரும் இப்போது அனுமானம், வியாப்தி, ஹேத்வாபாசம் என்ற சொற்களைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோச்சிங் சென்டரில் இதெல்லாம் மதிப்பெண்ணுக்கான வித்தை. கேள்வியில் 'எல்லாப் பேனாக்களும் யானைகள்' என்று இருக்கும். அது உண்மையா என்று கேட்கக்கூடாது. உண்மை என்று வைத்துக்கொண்டால் என்ன முடிவு வரும் என்பதே கேள்வி. உண்மையையும் வாதத்தின் அமைப்பையும் பிரித்துப் பார்ப்பதுதான் தர்க்கத்தின் முதல் பாடம். ஆனால் பேனாவும் யானையுமாகப் படித்த பாடம், தெருவில் மனிதர்களைப் பற்றிய வாக்கியமாக வரும்போது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை.

நாலே நாலு வாக்கியங்கள்

இரண்டு வகைகளுக்கு இடையிலான உறவைச் சொல்ல நாலு வாக்கியங்கள் போதும் என்று அரிஸ்டாட்டில் கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே கண்டார். எல்லாமும், எதுவும் இல்லை, சில, சில அல்ல. இந்த நாலில் எதைத் திருப்பிப் போடலாம், எதைக்கூடாது என்பது தெரிந்தால் பாதிப் பிழைகள் ஓடிவிடும்.

முதல் வாக்கியம்: எல்லா எம்.பி.களும் இந்தியக் குடிமக்கள். அரசியல் சட்டப்படி இது உண்மை. திருப்பிப் போட்டால், எல்லா இந்தியக் குடிமக்களும் எம்.பி.கள்! கூடாது. இரண்டாவது: எந்த வெளிநாட்டவரும் எம்.பி. அல்ல. இதைத் தாராளமாகத் திருப்பலாம்: எந்த எம்.பி.யும் வெளிநாட்டவர் அல்ல. மூன்றாவது: சில எம்.பி.கள் டாக்டர்கள். இதையும் திருப்பலாம்: சில டாக்டர்கள் எம்.பி.கள். நாலாவது: சில இந்தியக் குடிமக்கள் எம்.பி. அல்ல. இதைத் திருப்பினால், சில எம்.பி.கள் இந்தியக் குடிமக்கள் அல்ல என்ற அபத்தம் வரும். கூடாது.

'சில' என்ற சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. 'சில மாணவர்கள் பாஸ்' என்றால் மற்றவர்கள் ஃபெயில் என்றுதான் வீட்டில் புரிந்துகொள்வார்கள். தர்க்கத்தில் அப்படியில்லை. 'சில' என்றால் குறைந்தது ஒன்று, எல்லாமாகவும் இருக்கலாம். தேர்வுகளில் மதிப்பெண் பறிபோகும் இடங்களில் இது முக்கியமானது.

மூன்று வரி வாதத்தில் முதல் இரண்டு வரிகளையும் இணைக்கும் சொல் ஒன்று இருக்கும். ரெயின்பாடா வாதத்தில் அது 'வெளியூர்க்காரர்'. அந்தச் சொல் ஒரு வரியிலாவது தன் வகை முழுவதையும் தழுவ வேண்டும் என்பது விதி. வெளியூர்க்காரர் எல்லோரையும் பற்றி அந்த வாதம் ஒன்றுமே சொல்லவில்லை. பிள்ளை பிடிப்பவர்கள் அந்தப் பெரிய வட்டத்தின் ஒரு மூலையில் இருக்கிறார்கள். பிச்சைக்கு வந்தவர்கள் வேறொரு மூலையில். ஒரே வட்டத்துக்குள் இருப்பதாலேயே இருவரும் ஒருவராகிவிட மாட்டார்கள். 1880-ல் ஆங்கிலேயர் ஜான் வென் பிரபலமாக்கிய வட்டப்படத்தை வரைந்தால் இது பளிச்சென்று தெரியும்.

ஈர விறகு

இதே விஷயத்தை இந்திய தர்க்கவாதிகள் வேறொரு வழியில் பிடித்தார்கள். அவர்களுடைய நிரந்தர உதாரணம் மலையில் தெரியும் புகை. மலையில் நெருப்பு இருக்கிறது. ஏனென்றால் புகை இருக்கிறது. எங்கெல்லாம் புகையோ அங்கெல்லாம் நெருப்பு, அடுக்களையைப்போல. இந்த மலையிலும் அப்படிப்பட்ட புகை. ஆகவே நெருப்பு இருக்கிறது. கௌதமரின் நியாய சூத்திரங்கள் வகுத்த ஐந்து உறுப்பு வாதம் இதுதான். விதியைச் சொன்னால் மட்டும் போதாது, அது கண்ணெதிரே பொய்க்காமல் நிற்கும் ஓர் உதாரணத்தையும் காட்டு என்பது நியாய மரபின் கண்டிப்பு.

சரி, திருப்பிப் போட்டால்? நெருப்பு இருக்கிறது, ஆகவே புகை இருக்கிறது என்று சொல்லலாமா? கூடாது, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டைப் பார் என்கிறார்கள் அவர்கள். அதில் நெருப்பு உண்டு, புகை இல்லை. நெருப்போடு ஈர விறகும் சேர்ந்தால்தான் புகை வரும். இப்படி வாதத்தில் சொல்லாமல் ஒளிந்திருக்கும் நிபந்தனைக்கு 'உபாதி' என்று பெயர் வைத்தார்கள். எந்த வாதத்தைக் கேட்டாலும் அதில் ஈர விறகு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது அவர்களுடைய பயிற்சி.

இந்தப் பயிற்சியின் தலைநகரங்கள் வடக்கிலும் கிழக்கிலும் இருந்தன. மிதிலையில் கங்கேசர் 'தத்வசிந்தாமணி' எழுதி நவ்ய நியாயம் என்ற புதிய மரபை நிலைநாட்டினார். பின்னர் அது வங்காளத்தின் நவத்வீபத்தில் ரகுநாத சிரோமணி போன்றவர்களிடம் உச்சத்தைத் தொட்டது. 17-ஆம் நூற்றாண்டில் ஆந்திரத்தைச் சேர்ந்த அன்னம்பட்டர் தொடக்க மாணவர்களுக்காக எழுதிய சிறு நூலான 'தர்க்க சங்கிரகம்' இன்றும் சமஸ்கிருதக் கல்லூரிகளில் முதல் பாடமாக இருக்கிறது.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. மணிமேகலைக் காப்பியத்தின் 29-ஆவது காதை ஏறக்குறைய ஒரு தர்க்கப் பாடநூல். அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த தர்க்கத்தைக் கற்பிக்கிறார். பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என்று 33 வகைப் பிழைகளைப் பட்டியலிடுகிறார். சமஸ்கிருதத்தில் ஹேத்வாபாசம் என்றால் காரணம் போலத் தோன்றுவது. தமிழ்ச் சொல் அதைவிடச் சுருக்கம்: போலி. போலி டாக்டர், போலி நோட்டு என்று இன்று சொல்லும் அதே போலி. கள்ள நோட்டு அசல் போல் இருப்பதால்தான் கைமாறுகிறது. பிழையான வாதமும் அப்படித்தான். அசலின் சாயல் இல்லாவிட்டால் யாரும் ஏமாறமாட்டார்கள்.

ஐந்து போலிகள்

தர்க்க சங்கிரகம் போலிக் காரணங்களை ஐந்தாக வகுக்கிறது. அதன் உதாரணங்கள் பழையவை. பிழைகள் புத்தம் புதியவை.

*தடுமாறும் காரணம்:* 'அவர் நேர்மையானவர், கதர் உடுத்துகிறாரே!' நேர்மையானவர்களும் கதர் உடுத்துகிறார்கள், மற்றவர்களும் உடுத்துகிறார்கள். இரண்டு பக்கமும் சாயும் காரணம் எதையும் நிரூபிக்காது. ரெயின்பாடா வாதம் இந்த வகை.

*முரண் காரணம்:* 'இந்தச் சீட்டுக் கம்பெனி பத்திரமானது. மாதம் 5 சதவீதம் வட்டி தருகிறார்கள்.' ஆண்டுக்கு 60 சதவீத வட்டி என்பது ஆபத்தின் அறிகுறி. சொன்ன காரணமே எதிரான முடிவைக் காட்டுகிறது.

*எதிர்க்காரணம் உள்ளது:* டி.வி. விவாதத்தில் ஒருவர் சொல்லும் காரணத்துக்கு இணையான வலுவோடு மற்றவர் எதிர்க்காரணம் வைக்கிறார். இரண்டில் ஒன்று தகரும்வரை எந்த முடிவுக்கும் வர உரிமையில்லை என்கிறது நியாயம். குரல் உயர்ந்தவர் ஜெயித்ததாக நினைப்பது நம் வழக்கம்.

*இல்லாத காரணம்:* ஆகாயத் தாமரை மணக்கும், தாமரையாக இருப்பதால் என்பது பழைய உதாரணம். ஆகாயத் தாமரை என்று ஒன்று இருந்தால் அல்லவா! 2016-ல் புதிய 2,000 ரூபாய் நோட்டு வந்தபோது, அதில் சிப் இருப்பதால் பதுக்கினால் காட்டிக்கொடுத்துவிடும் என்று நாடு முழுவதும் பேசினார்கள். அப்படி ஒரு சிப்பே அதில் இல்லை. 2018-ல் சுற்றிய 'பிள்ளை கடத்தல் வீடியோ' ஒன்றும் இதே ரகம். கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படத்தின் கடைசிப் பகுதியை வெட்டியெறிந்து, நிஜக் கடத்தல் என்று பரப்பினார்கள்.

*நேரில் பொய்க்கும் காரணம்:* உத்தரப் பிரதேசம் ஆஜம்கர் மாவட்டத்தைச் சேர்ந்த லால் பிஹாரி 1970-களின் நடுவில் வருவாய்ப் பதிவேட்டில் இறந்தவராக்கப்பட்டார். நிலம் உறவினர்கள் கைக்குப் போனது. அவரே வந்து நின்றாலும் பதிவேடு சொல்வதே உண்மை என்றது நிர்வாகம். தன்னைப்போல் காகிதத்தில் இறந்தவர்களுக்காக ஒரு சங்கமே தொடங்கிப் போராடி, 1994-ல்தான் அவர் மறுபடி 'உயிர் பெற்றார்'. கண்ணெதிரே நிற்கும் உண்மை அடித்துச் சாய்க்கும் அனுமானம் செல்லாது என்பதை அன்னம்பட்டரின் மாணவர்கள் முதல் வருடத்திலேயே படித்திருப்பார்கள்.

தூக்கிலிருந்து விடுதலை வரை

வாக்கியத்தைத் திருப்பிப் போடும் பிழை மிகவும் விலை உயர்ந்ததாக ஆகும் இடம் கோர்ட். நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்குகளில் சந்தர்ப்ப சாட்சியம்தான் எல்லாம். 'கொலை செய்தவர் அந்த அறையில் இருந்திருப்பார். இவர் அந்த அறையில் இருந்தார். ஆகவே இவரே கொலை செய்தவர்.' ஆடு பசுவான அதே வாதம், வக்கீல் கவுன் அணிந்து வருகிறது.

1984-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்த சர்தா வழக்கு இதற்கு இந்தியாவின் பாடம். 1982-ல் புனேயில் ஓர் இளம் மனைவி விஷத்தால் இறந்தார். கணவர் மீது கொலைக் குற்றச்சாட்டு. செஷன்ஸ் கோர்ட் தூக்குத் தண்டனை விதித்தது. பம்பாய் ஹைகோர்ட் அதை உறுதி செய்தது. சுப்ரீம் கோர்ட் அவரை விடுதலை செய்தது. அவர் கொன்றிருக்கலாம் என்பதோடு சாட்சியங்கள் ஒத்துப்போயின. ஆனால் அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்பதையும் அவை விலக்கவில்லை.

நீதிபதி முர்தஸா ஃபஸல் அலி எழுதிய தீர்ப்பு, 1952-லிருந்து வளர்ந்துவந்த நெறிகளைத் தொகுத்து ஐந்து விதிகளைத் தந்தது. அவற்றைப் பஞ்சசீலம் என்றே அழைத்தது. சாரம் இதுதான்: ஒவ்வொரு சந்தர்ப்பமும் முழுமையாக நிரூபிக்கப்பட வேண்டும். உண்மைகள் எதிரி குற்றவாளி என்ற முடிவோடு மட்டுமே பொருந்த வேண்டும். அவை உறுதியான தன்மை கொண்டவையாக இருக்க வேண்டும். வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் இருக்கக்கூடாது. சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடக்கூடாது. 'இருக்கலாம்' என்பதற்கும் 'இருந்தே தீர வேண்டும்' என்பதற்கும் இடையே நீண்ட தூரம் என்பதை கோர்ட் அழுத்திச் சொன்னது.

இன்னொரு போலியையும் அந்தத் தீர்ப்பு அடையாளம் காட்டியது. எதிரி சொன்ன விளக்கம் பொய் என்று தெரிந்தால், ஆகவே அவர்தான் செய்தார் என்று தாவுவது. பயத்தாலும் அவமானத்தாலும்கூட மனிதர்கள் பொய் சொல்கிறார்கள். போலீஸ் தரப்பின் சங்கிலி தன் காலிலேயே நின்றால் மட்டும், எதிரியின் பொய்யை அதோடு ஒரு கண்ணியாகச் சேர்க்கலாம். அறுந்த சங்கிலியை அதைக் கொண்டு ஒட்டக்கூடாது.

ஆயிரத்தில் ஒருவர்

கோர்ட்டுக்குப் போகாதவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். 'இந்த நோய் இருந்தால் டெஸ்ட் 99 சதவீதம் பாசிட்டிவ் வரும். எனக்குப் பாசிட்டிவ். ஆகவே எனக்கு நோய் இருக்க 99 சதவீத வாய்ப்பு.' மறுபடியும் அதே திருப்பல்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பேரைச் சோதித்தால் நோயாளிகள் 100 பேர்; அவர்களில் 99 பேருக்குப் பாசிட்டிவ் வரும். நோயில்லாத 99,900 பேரில் சோதனை ஒரு சதவீதம் தவறினாலும் 999 பேருக்குப் பாசிட்டிவ். மொத்தம் 1,098 பாசிட்டிவ்களில் உண்மையான நோயாளிகள் 99 பேர், 9 சதவீதம்தான்! எச்.ஐ.வி. பரிசோதனையில், அறிகுறி இல்லாத ஒருவருக்கு ஒரே சோதனையை நம்பித் தீர்ப்புச் சொல்லாமல், வெவ்வேறு முறையிலான மூன்று சோதனைகளால் உறுதி செய்ய வேண்டும் என்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வைத்திருக்கும் நடைமுறையின் பின்னணி இதுதான். முதல் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் இடிந்துபோகத் தேவையில்லை; மறு சோதனையைத் தவிர்க்கவும் கூடாது.

எச்சரிக்கையும் உண்டு

அமைப்பில் அடங்காத பிழைகளும் நிறைய. கருத்தை விட்டுவிட்டு ஆளைத் திட்டுவது. கிரிக்கெட் வீரர் சொன்னார் என்பதற்காக சிமெண்ட் வாங்குவது. எதிராளி சொல்லாததைச் சொன்னதாக வைத்து அடிப்பது. எங்களோடு இல்லையென்றால் எதிரியோடு என்று இரண்டே கதவுகளைக் காட்டுவது. தாயத்து கட்டிய பின் காய்ச்சல் இறங்கியதால் தாயத்தே இறக்கியது என்பது. கட்டாமல் இருந்தாலும் காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கியிருக்கும். ஈர விறகைத் தேடும் கண் இருந்தால் இவையும் அகப்பட்டுவிடும்.

ஆனால் பெயர்களைக் கற்றவுடன் வாள் சுழற்றக் கிளம்புவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வாதம் பிழை என்பதால் முடிவும் பொய் என்று ஆகிவிடாது. தவறான கணக்குப் போட்டும் சில நேரம் சரியான விடை வரும். 'நீ சொன்ன காரணம் போலி' என்று காட்டினால், அந்தக் காரணம் விழுந்தது என்று மட்டுமே பொருள். சந்தேகத்தின் பலனில் விடுதலையான ஒவ்வொருவரும் குற்றம் செய்யாதவர் என்று தர்க்கம் சொல்லவில்லை. நிரூபிக்காமல் தண்டிக்காதே என்றுதான் சொல்கிறது.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. யாரையாவது பற்றி ஒரு முடிவு மனதில் விழும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதே அடையாளம் வேறு யாருக்கெல்லாம் பொருந்தும்? வெளியூரிலிருந்து வந்தவர், குழந்தையைப் பார்த்துச் சிரித்தவர், சாக்லெட் நீட்டியவர் என்று எண்ணத் தொடங்கினால், அந்த வட்டத்துக்குள் பஸ்ஸில் வரும் பாதிப்பேர் இருப்பார்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும் சொந்த அத்தையும் இருப்பார்.